புதுத் தரை போட எவ்வளவு ஆகும்? சிங்கப்பூர் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் பல முறை கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளைப் பற்றியவை. பதில்களில் வரும் பொருள் விலையும் கூலியும் கணக்குப் போடும் வழியைக் காட்டுவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். அவற்றின் இடத்தில், தரை வேலையை ஏற்றுச் செய்யும் குத்தகையாளர்கள் உங்களுக்குத் தரும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். விதிகளையும் அளவுகளையும் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வீட்டின் பரப்பளவை அதனால் பெருக்கினால் செலவு தெரிந்துவிடாதா?

தெரியாது. பெருக்கும் எண், பெருக்கப்படும் எண் இரண்டுமே பிழையாக இருக்கும்.

முதலில் பரப்பளவைப் பார்ப்போம். ஒரு நான்கறை வீட்டின் பத்திரத்தில் 90 சதுர மீட்டர் என்று இருந்தால், அதில் உட்சுவர்கள் நிற்கும் இடமும் குளிரூட்டியின் வெளிப்பகுதியை வைக்கும் மேடையும் அடங்கும். சமையலறை, குளியலறை, பாதுகாப்பு அறை ஆகியவற்றுக்கும் அதே தரையைப் போடப்போவதில்லை என்றால் அவற்றையும் கழிக்க வேண்டும். கூடத்துக்கும் மூன்று படுக்கையறைகளுக்கும் மட்டும் தரை போடுபவர் உண்மையில் வாங்கப்போவது 60 சதுர மீட்டருக்கு அருகில்தான் இருக்கும். 90-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பயந்துபோய்த் திட்டத்தையே கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது விலை. கடையில் சொல்லும் சதுர அடி விலை பெரும்பாலும் பொருளையும் அதைச் சமமான தரையில் விரிக்கும் கூலியையும் மட்டுமே குறிக்கும். சுவரடிப் பட்டை, கதவின் அடியைச் சீவுதல், மேடுபள்ளத்தைச் சரிசெய்தல், அலமாரிகளை நகர்த்துதல், பழைய தரையை உடைத்தெடுத்து அப்புறப்படுத்துதல், பொருள் சேவை வரி ஆகியவை அதற்கு வெளியே நிற்கும். வீட்டுக்கு வீடு செலவு மாறுவது இவற்றால்தான்.

நானே அளந்து பார்க்க முடியுமா?

முடியும், கட்டாயம் அளக்க வேண்டும் என்றே சொல்வேன். ஒவ்வொரு அறையின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்கிக் கூட்டுங்கள். சுவரோடு பொருத்திய அலமாரிகளின் அடியில் தரை போடப்போவதில்லை என்றால் அந்த இடத்தைக் கழித்துவிடுங்கள். வந்த சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி கிடைக்கும். 60 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 646 சதுர அடி.

அதன் மேல் சேதாரத்தைச் சேர்க்க வேண்டும். நேர் வரிசையில் போடும்போது ஓரங்களில் வெட்டி வீணாவது 5 முதல் 10 விழுக்காடு. மூலைவிட்டமாகவோ மீன்முள் வடிவத்திலோ போட விரும்பினால் 15 விழுக்காடு வரை போகும். பெரிய ஓடுகளைச் சிறிய அறையில் போட்டாலும் சேதாரம் கூடும். ஏனெனில் வெட்டிய துண்டு வேறெங்கும் பொருந்தாது.

ஓடுகள் பெட்டிக் கணக்கில்தான் விற்கப்படுகின்றன. 60-க்கு 60 சென்டிமீட்டர் ஓடு ஒன்றின் பரப்பு 0.36 சதுர மீட்டர். பெட்டிக்கு 4 ஓடுகள் என்றால் ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டரை மூடும். 60 சதுர மீட்டருக்கு 8 விழுக்காட்டுச் சேதாரம் சேர்த்தால் 64.8, அதற்குச் சரியாக 45 பெட்டிகள். குத்தகையாளர் 55 பெட்டிகள் என்று எழுதியிருந்தால், ஏன் என்று கேட்பதற்கு இந்த எண் உங்கள் கையில் இருக்கும்.

சுவர்களின் அடிநீளத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். சுவரடிப் பட்டைக்குச் சதுர அடி விலை கிடையாது. அடி நீளத்துக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

அதே 60 சதுர மீட்டர் வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய ஓடுகளின் மேலேயே வினைல் என்னும் நெகிழித் தரையை விரிக்கப்போகிறோம். சேதாரத்துடன் 700 சதுர அடி. சதுர அடிக்கு 6 வெள்ளி என்றால் 4,200 வெள்ளி. கடையில் சொல்லி அனுப்பும் தொகை இதுதான். வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ நாம் வந்து சொல்லும் தொகையும் இதுவாகவே இருக்கும்.

இனிமேல்தான் மற்றவை வரும். கூடத்தையும் மூன்று அறைகளையும் சுற்றிக் கதவிடங்கள் நீங்கலாக 180 அடிச் சுவரடிப் பட்டை, அடிக்கு 2 வெள்ளி வீதம் 360. மூன்று அறைக் கதவுகளைக் கழற்றி அடியைச் சீவி மீண்டும் மாட்ட, கதவுக்கு 40 வீதம் 120. கூடத்தின் ஒரு மூலை தாழ்ந்திருப்பதால் 100 சதுர அடிக்குச் சமன்படுத்தும் கலவை, சதுர அடிக்கு 3 வீதம் 300. வாசல், சமையலறை, குளியலறைகள் என்று தரை மாறும் ஐந்து இடங்களில் விளிம்புப் பட்டை, 25 வீதம் 125. கட்டிலையும் அலமாரிகளையும் நகர்த்த 200. மொத்தம் 5,305. இதற்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 477 வெள்ளி 45 காசு. ஆக 5,782 வெள்ளி 45 காசு. கடையில் கேட்ட தொகையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. இத்தனைக்கும் இதில் யாரும் ஏமாற்றவில்லை.

எதிர்பாராத செலவுக்கு இன்னும் 10 விழுக்காட்டை ஒதுக்கி, 6,360 வெள்ளி கையில் இருந்தால் தொடங்கலாம் என்று நான் முடிவு செய்வேன்.

அதே பரப்பில் பழைய ஓட்டை உடைத்தெடுத்துப் புது ஓடு பதிப்பதானால் கணக்கு வேறு. உடைத்து அப்புறப்படுத்த 646 சதுர அடிக்கு 4 வீதம் 2,584. சிமெண்ட், மணலுடன் பதிக்கும் கூலி 7 வீதம் 4,522. ஓடு 700 சதுர அடிக்கு மூன்றரை வீதம் 2,450. ஓட்டிலேயே சுவரடிப் பட்டை 180 அடிக்கு 5 வீதம் 900. வரியுடன் சேர்த்தால் 11,400 வெள்ளியை நெருங்கும். இதில் ஓட்டின் விலை கால் பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டுக் கடையில் சதுர அடிக்கு அரை வெள்ளி குறைத்துக் கேட்டு ஒரு மாலைப் பொழுதைச் செலவழிப்பவர்கள், கூலி எழுதிய தாளை ஒரு முறைகூடச் சரியாகப் படிப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

வரியைப் பற்றி ஒன்று. ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளிக்குக் குறைவான நிறுவனங்கள் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்யாதவர்கள் அந்த வரியை உங்களிடம் வசூலிக்கவும் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஓட்டை உடைப்பதற்கு ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

எடைதான் காரணம். ஓடும் அதன் அடியில் உள்ள சிமெண்ட் பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் கனம் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. 60 சதுர மீட்டருக்கு 6 டன். அத்தனையும் சாக்குகளில் கட்டப்பட்டு, தூசி பறக்காமல், மின்தூக்கியில் இறங்கி, லாரியில் ஏறிப் போக வேண்டும். குப்பைத் தொட்டியிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ போட்டுவிட்டுப் போக முடியாது. மின்தூக்கிக்குள்ளும் தாழ்வாரத்திலும் கீறல் விழாமல் அட்டை விரிப்பதும் அந்தக் கூலியில்தான் அடங்கும்.

நேரமும் ஒரு காரணம். வீவக வீடுகளில் பொதுவான புதுப்பிப்பு வேலைகளைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை செய்யலாம். உடைத்தல், ஓடு அறுத்தல் போன்ற இரைச்சல் மிகுந்த வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே அனுமதி, சனிக்கிழமையில் கூடாது. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் எந்த வேலையும் கூடாது. குடிபுகுந்து வாழும் பழைய புளோக்குகளில் முழுப் புதுப்பிப்பையும் ஒரு மாதத்துக்குள்ளும், புதிய புளோக்குகளில் மூன்று மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். வேலையாள்கள் எத்தனை நாள் சும்மா இருக்க நேரும் என்பதையும் கணக்கிட்டுத்தான் குத்தகையாளர் கூலி சொல்கிறார்.

உடைத்து மாற்றும் வேலைக்குக் கழகத்தின் அனுமதி தேவை. கழகத்தின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருப்பவர்தான் அதற்கு விண்ணப்பித்து வேலையையும் செய்ய வேண்டும். பட்டியலில் இல்லாத ஒருவர் பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொன்னால், அனுமதியில்லாத வேலைக்கு வீட்டு உரிமையாளராகிய நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியென்றால் உடைக்காமல் மேலேயே போட்டுவிடலாமே?

பல வீடுகளில் அதுவே நல்ல வழி. ஆனால் நான்கு இடங்களில் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய ஓடு உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்பது முதலாவது. பிடோக்கில் என் சித்தியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓர் ஐம்பது காசு நாணயத்தை எடுத்து, கூடத்தின் ஒவ்வோர் ஓட்டையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருக்கும் ஓடு, கல்லைத் தட்டியதுபோல் ‘டக்’ என்று ஒலிக்கும். அடியில் காற்று புகுந்திருக்கும் ஓடு காலி டப்பாவைப்போல் ஒலிக்கும். சன்னலோரத்தில் மட்டும் பதினொரு ஓடுகள் அப்படி ஒலித்தன. அவற்றின் மேல் புதுத் தரையைப் போட்டிருந்தால், பழையது பெயரும் நாளில் புதியதும் சேர்ந்து பெயர்ந்திருக்கும். 2018 ஜனவரியில் சில நாள்கள் குளிர் அடித்தபோது தீவின் பல வீடுகளில் ஓடுகள் திடீரென்று உப்பி வெடித்து எழுந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். வெப்பநிலை இறங்கும்போது ஓடும் சிமெண்ட்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பிடிமானம் தளர்ந்த ஓடுதான் முதலில் எழும்பும். சித்தியின் வீட்டில் அந்தப் பதினொன்றை மட்டும் பெயர்த்து, பள்ளத்தைச் சிமெண்ட்டால் நிரப்பிய பிறகே மேலே வினைல் விரித்தார்கள்.

இரண்டாவது, கனம். வீவக வீடுகளில் சிமெண்ட் பூச்சும் தரைப்பொருளும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ஒரு முறை மேலே ஓடு பதித்திருந்தால், இன்னோர் அடுக்குக்கு இடம் இராது. மறுவிற்பனை வீடு வாங்குபவர்கள் வாசலிலும் குளியலறை விளிம்பிலும் குனிந்து பார்த்தால், எத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது, கதவுகள். கதவின் அடிக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து, புதுத் தரையின் கனத்தோடு ஒப்பிடுங்கள். மரக் கதவைச் சீவலாம். 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் உள்ள பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவைச் சீவ முடியாது. அந்தக் கதவு திறந்து வரும் வட்டத்துக்குள் தரை உயர்ந்துவிட்டால் கதவு இடித்து நின்றுவிடும். வாசலின் இரும்புக் கதவையும் இப்படியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, தண்ணீர் போகும் வழி. சமையலறையின் பின்புறத் துணி துவைக்கும் இடத்திலும் குளியலறையிலும் தரை சற்றுத் தாழ்ந்திருப்பது, வழியும் தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதற்காகத்தான். அங்கே மட்டும் தரையை உயர்த்தினால் அந்தத் தாழ்வு போய்விடும்.

நம் வீட்டுப் புழக்கத்துக்கு எந்தத் தரை ஏற்றது?

விலைப் பட்டியலைவிட வீட்டின் பழக்கத்தைப் பார்த்தே இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சமையலறைக்கு போர்சலின் ஓடுதான் என் தேர்வு. தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், மஞ்சள் தூள், கவிழ்ந்த சாம்பார், மாவரைக்கும் கிரைண்டரின் எடை, கை தவறி விழும் தேங்காய் ஆகிய அனைத்தையும் அது தாங்கும். ஓடு கறைபடாது, ஓடுகளுக்கு இடையே பூசும் சாதாரண வெள்ளைக் கிரவுட்தான் மஞ்சளை உறிஞ்சி ஒரு மாதத்தில் நிறம் மாறும். ஆகவே கரும்பழுப்பு அல்லது சாம்பல் நிறக் கிரவுட் கேளுங்கள். கூடுதல் செலவு செய்ய முடிந்தால் எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். அது தண்ணீரையும் கறையையும் உறிஞ்சாது.

கூடத்துக்கும் அறைகளுக்கும் கல்தூள் கலந்த எஸ்பிசி வினைல் இப்போது பலருடைய தேர்வாக இருக்கிறது. காலுக்கு இதமாக இருக்கும், தண்ணீர் பட்டால் ஊதாது, ஓரிரு நாளில் விரித்துவிடலாம். ஆனால் அடித்தரை சமமாக இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் நீள மட்டப் பலகையை வைத்துப் பார்த்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. தெரிந்தால் சமன்படுத்தும் செலவு உண்டு. சாமி அறையைப் பற்றியும் யோசியுங்கள். சாம்பிராணித் தட்டிலிருந்து ஒரு கங்கு வினைலில் விழுந்தால் நிரந்தர வடு. ஓட்டில் விழுந்தால் துடைத்துவிடலாம். சாமி மேடைக்கு முன்னால் ஒரு மீட்டர் அளவுக்கு ஓடு அல்லது கிரானைட் பதித்துக்கொண்ட ஒரு குடும்பத்தை அறிவேன். அது மிகவும் அறிவான ஏற்பாடு.

லேமினேட் மலிவு. அதன் உடல் அழுத்திய மரத்தூள் என்பதால் ஈரத் துணியால் நாள்தோறும் துடைக்கும் வீட்டுக்கு அது ஆகாது. இணைப்புகள் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். பளிங்கு அழகுதான். ஆனால் எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் அதன் மேற்பரப்பை அரித்து மங்கச் செய்துவிடும். மெருகேற்றும் செலவு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொண்டால்தான் பளிங்கின் உண்மையான விலை தெரியும்.

பழைய வீட்டில் மரத்துண்டுத் தரை இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

உடனே முடிவெடுக்க வேண்டாம். பழைய பார்க்கே மரத்தின் மேற்பரப்பைத் தேய்த்து மீண்டும் வார்னிஷ் பூசினால், புதுத் தரையின் செலவில் ஒரு பகுதியிலேயே வேலை முடிந்துவிடும். கறையான் அரித்திருந்தாலோ துண்டுகள் பல இடங்களில் ஆடினாலோ மட்டுமே மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். கல்துண்டுகள் பதித்து மெருகேற்றிய பழைய டெராசோ தரைக்கும் இதுவே பதில். மெருகேற்றினால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

குளியலறைத் தரையை மாற்றும் செலவு ஏன் தனியாகவே வருகிறது?

அங்கே வாங்கப்படுவது நீர் கசியாத ஏற்பாடு. ஓடு அதன் மேல் பதிக்கும் உறை மட்டுமே. பழையதை உடைக்கும்போது அடியில் உள்ள நீர்க்காப்புப் படலமும் போய்விடும். புதிய படலத்தைத் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் பூசி, காய விட்டு, தண்ணீர் தேக்கிச் சோதித்து, வடிகால் துளையை நோக்கிச் சாய்வு வைத்துப் பூச்சுப் பூசிய பிறகே ஓடு வரும். விலைக்குறிப்பில் நீர்க்காப்பு தனியாக ஒரு வரியில் எழுதப்படவில்லை என்றால் கையெழுத்திட வேண்டாம். தண்ணீர் தேக்கிச் சோதிக்கும் நாளில் நீங்களே நேரில் இருங்கள்.

புது வீடு என்றால், புளோக் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் உடைக்கக் கழகம் அனுமதிப்பதில்லை. நீர்க்காப்பைக் காப்பதற்காகவே இந்த விதி. பிடித்த நிறம் வேண்டுமானால், உடைக்காமல் பசை கொண்டு மேலே ஒட்டலாம்.

கசிவு ஏற்பட்டால், மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்தே பழுதுபார்ப்புக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். பல சமயங்களில் கழகம் நல்லெண்ண உதவியாகச் செலவில் பாதியை ஏற்று, மீதியை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்ள வைக்கிறது. அண்டை வீட்டாருடன் உள்ள உறவைப் பணத்தால் அளக்க முடியாது என்பதால், நீர்க்காப்பில் மட்டும் மலிவைத் தேட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

1997 வரை கட்டப்பட்ட புளோக்கில் இருப்பவர்கள், பழைய வீடுகளைக் கழகம் புதுப்பித்துத் தரும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் தங்கள் புளோக்குக்கு வந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு குளியலறையில் கை வைப்பது நல்லது. அத்திட்டத்தில் கழிவறை, குளியலறை மேம்பாடு விருப்ப வேலையாக உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்கள் வீட்டு வகையைப் பொறுத்து விருப்ப வேலைகளின் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு மட்டுமே தருகிறார்கள். சொந்தச் செலவில் மாற்றிய அடுத்த ஆண்டே அத்திட்டம் வந்து நின்றால் மனம் நோகும்.

வயதானவர்கள் வழுக்கி விழுவார்களே என்ற கவலைக்காகத்தான் தரையை மாற்ற நினைக்கிறீர்கள் என்றால், மாற்றவே வேண்டாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமக்கள் வாழும் வீவக வீடுகளுக்கு, மூத்தோருக்கான ஈஸ் திட்டத்தின்கீழ் குளியலறை ஓடுகளுக்கு வழுக்காத பூச்சும் கைப்பிடிகளும் 95 விழுக்காடு வரை கழிவுடன் கிடைக்கின்றன.

புது வீடு வாங்கும்போதே தரையையும் சேர்த்துக் கேட்கலாமா?

கேட்கலாம். தேவைக்கேற்பக் கட்டப்படும் வீடுகளில் கூடத்துக்கும் அறைகளுக்கும் தரை போட்டுத் தரும் விருப்ப ஏற்பாடு உண்டு. அதற்கான தொகை வீட்டு விலையோடு சேர்வதால் மத்திய சேம நிதியிலிருந்தும் வீட்டுக் கடனிலிருந்தும் கட்டலாம். பின்னால் நீங்களே போடும் தரைக்குச் சேம நிதியைத் தொட முடியாது. நிறத்தில் தேர்வு குறைவு என்பதே குறை. கையில் ரொக்கம் குறைவாக உள்ள இளம் தம்பதியருக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

விலைக்குறிப்பில் எதைத் தேட வேண்டும்?

ஈசூனில் என் வீட்டுக்கு முதன்முறை தரை போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். குத்தகையாளர் தந்த தாளில் ‘தரை வேலை, அனைத்தும் உட்பட’ என்று ஒரே வரியும் ஒரே தொகையும் இருந்தன. அனைத்தும் என்ற சொல்லை நானும் நம்பினேன். வேலை முடிந்த நாளில் இரண்டாவது தாள் வந்தது: பட்டை, சமன்படுத்தல், கழிவு அகற்றல் என்று ஆறு வரிகள். அன்று இரவு படுக்கையறைக் கதவைச் சாத்தப் போனேன். அது பாதி வழியில் புதுத் தரையில் உரசி நின்றது. வெளிர்நிற வினைலில் கால்வட்டமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. கதவைச் சீவுவது அந்த ஆறு வரிகளிலும் இல்லை. ‘அனைத்தும்’ என்பது எதையெல்லாம் குறிக்கிறது என்று எழுதப்படாததால் என்னால் வாதாடவும் முடியவில்லை.

ஆகையால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, அளவு, ஓர் அலகின் விலை, கூட்டுத்தொகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஓட்டின் பெயரும் அளவும், வினைலின் கனமும் மேல் தேய்மானப் படலத்தின் கனமும், பசை வகையும், பொருள் சேவை வரி சேர்ந்ததா சேராததா என்பதும் அதில் இருக்க வேண்டும். எதெல்லாம் சேரவில்லை என்பதையும் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அந்த ஒரு பத்திதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். மூன்று பேரிடம் விலை கேட்பதானால், மூவருக்கும் நீங்கள் அளந்த அதே அளவையே கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்று தாள்களும் மூன்று வெவ்வேறு வீடுகளைப் பற்றிப் பேசும்.

பணத்தை எப்படிக் கொடுப்பது? தகராறு வந்தால் எங்கே போவது?

வேலை நகர நகரப் பணம் நகர வேண்டும். முன்பணத்தைச் சிறிதாக வைத்துக்கொண்டு, உடைத்து முடித்ததும் ஒரு பகுதி, பதித்து முடித்ததும் ஒரு பகுதி என்று பிரித்து, கடைசிப் பகுதியை நாணயத்தால் தட்டிப் பார்த்து முடித்த பிறகே கொடுங்கள். பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள், நிறுவனம் மூடப்பட்டாலும் முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பிணைப் பத்திரம் வைத்திருக்க வேண்டும். வங்கியில் புதுப்பிப்புக் கடன் வாங்குவதானால் உச்சவரம்பு 30,000 வெள்ளி அல்லது ஆறு மாத வருமானம், இரண்டில் எது குறைவோ அது.

பேசித் தீராத தகராறுகளைச் சிறு கோரல் நடுவர் மன்றத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் கொண்டுபோகலாம். 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் அது விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. நீங்களே பேச வேண்டும். அப்போது உங்களிடம் இருக்க வேண்டியவை, வரிவரியான விலைக்குறிப்பும் தேதியிட்ட புகைப்படங்களும்.

தீபாவளிக்கு முன் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டோம். அதற்குள் முடிக்க முடியுமா?

நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பழைய தரையின் மேல் வினைல் என்றால் சில நாள்கள் போதும். புதிதாகச் சிமெண்ட் பூச்சுப் பூசி அதன் மேல் வினைலோ மரமோ என்றால், பூச்சு காய்வதற்கு ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது துறையில் வழங்கும் கணக்கு. 40 மில்லிமீட்டருக்கு 40 நாள்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் இன்னும் கூடலாம். ஈரம் காயாத பூச்சின் மேல் விரித்தால், சில மாதங்களில் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், பசை நாறும். அவசரத்துக்காகக் கூடுதல் பணம் கேட்பவர்கள் இருப்பார்கள். பணத்தால் சிமெண்ட் காயாது. நேரம் போதாவிட்டால் ஓடு பதியுங்கள், அல்லது அந்த நல்ல நாளில் பழைய தரையிலேயே அடுப்பை வைத்துப் பாலைக் காய்ச்சிவிட்டு, பிறகு நிதானமாக வேலையைத் தொடங்குங்கள்.

வேலை முடிந்து மிஞ்சிய ஓடுகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். இரண்டு பெட்டிகளையாவது வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிலேயே அவற்றைச் சேர்த்து வாங்குங்கள். ஒரே பெயருள்ள ஓடு என்றாலும், சூளையில் ஒவ்வொரு முறை சுடும்போதும் நிறம் மெல்ல மாறும். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நிறத்தொகுதி எண் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று, ஓடுகள் வந்து இறங்கும் நாளிலேயே பாருங்கள். பதித்த பிறகு தெரிந்தால் மாற்ற வழியில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துக் குழாய்ப் பழுதுக்காக நான்கு ஓடுகளை உடைக்க நேர்ந்தால், அந்த எண்ணுள்ள ஓடு எந்தக் கடையிலும் இராது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு பெட்டிகளும் கட்டிலுக்கு அடியில், எண் வெளியே தெரியும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ஏற்கெனவே பாதி காலி.